ஒரு பயனெட் குத்தும் ஒரு தூக்குக் கயிறும்: மெர்தர் டிட்வில், 1831

1831 ஆகஸ்ட் 13 அன்று வேல்ஸின் கார்டிஃப் நகரச் சிறைக்கு வெளியே, ஊர் பார்க்க, ரிச்சர்ட் லூயிஸ் என்ற சுரங்கத் தொழிலாளி தூக்கிலிடப்பட்டார். வயது 23. அவரை எல்லோரும் அழைத்த பெயர் டிக் பென்டெரின். மெர்தர் டிட்வில் என்ற இரும்பாலை ஊரில் நடந்த கலவரத்தில், டொனால்ட் பிளாக் என்ற சிப்பாயின் காலில் பயனெட்டால், அதாவது துப்பாக்கி முனைக் கத்தியால், குத்தினார் என்பது குற்றச்சாட்டு. சிப்பாய் பிழைத்துக்கொண்டார். தன்னைக் குத்தியது இவர்தான் என்று நீதிமன்றத்தில் அவரால் அடையாளம் காட்ட முடியவில்லை. பிளாக் காயம்பட்ட அதே நாளில், அதே தெருவில், அவருடைய படைப்பிரிவு சுட்டதில் ஊர்மக்கள் குறைந்தது 16 பேர் இறந்திருந்தார்கள். அதற்காக யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

வேல்ஸில் இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. இரும்பாலை முதலாளி கூலியைக் குறைத்தார், தொழிலாளர் கிளர்ந்தார்கள், ராணுவம் சுட்டது, நிரபராதி ஒருவர் தூக்கில் தொங்கினார் என்று நான்கு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். நான்கும் உண்மைதான். ஆனால் அந்தச் சுருக்கத்தில் கடைத்தெரு காணாமல் போய்விடுகிறது. கலவரத்தின் வேர் கடைக்காரரின் கடன் பேரேட்டில் இருந்தது. கலவரத்தை அடக்கக் கூடுதல் காவலர்களாக நியமிக்கப்பட்டவர்களும், பிறகு சாட்சி சொன்னவர்களும் அந்தக் கடைத்தெருவைச் சேர்ந்தவர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் தீர்ப்பு புரியாது என்பது என் கட்சி.

நகராட்சி இல்லாத நகரம்

மெர்தர் டிட்வில், டாஃப் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆடு மேய்ப்பவர்களின் சிற்றூர். நிலத்தில் இரும்புத்தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் அருகருகே கிடைத்தன. மலையிலிருந்து ஓடைத் தண்ணீர் இறங்கியது. ஊதுலைக்கு வேறென்ன வேண்டும்? 1759இல் டௌலைஸ், 1763இல் பிளிமத், 1765இல் கவார்த்வா, 1784இல் பெனிடாரன் என்று நான்கு ஆலைகள் எழுந்தன. 1801ஆம் ஆண்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 7,705 பேருடன் வேல்ஸின் மிகப் பெரிய ஊர் மெர்தர்தான். கார்டிஃப் அப்போது கணக்கிலேயே இல்லாத சிறு துறைமுகம். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மெர்தரின் மக்கள்தொகை 46,000-ஐத் தாண்டியது.

இரும்பைக் கடலுக்குக் கொண்டுபோக 1794இல் கார்டிஃப் வரை கால்வாய் திறந்தார்கள். 1804 பிப்ரவரி 21 அன்று ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி எஞ்சின், பெனிடாரன் ஆலையிலிருந்து 10 டன் இரும்பையும் தொற்றிக்கொண்ட சுமார் 70 பேரையும் இழுத்துக்கொண்டு ஏறக்குறைய 10 மைல் ஓடியது. தண்டவாளத்தில் சரக்கு இழுத்த முதல் நீராவி எஞ்சின் அது. பெனிடாரனின் சாமுவேல் ஹோம்ஃப்ரேயும் கவார்த்வாவின் ரிச்சர்ட் கிராஷேயும் 500 கினி பந்தயம் கட்டியதால் நடந்த ஓட்டம்! அந்தப் பாதையின் தடம் இன்றும் இருக்கிறது. அபர்சினன் பக்கம் நடந்தால் தரையில் இரண்டு வரிசையாகக் கற்பாளங்கள் புதைந்திருப்பதைக் காணலாம். ஒவ்வொரு கல்லிலும் ஆணி அடித்த துளை. குறுக்குக் கட்டை போடாமல் தனித்தனிக் கற்களில் தண்டவாளத்தைப் பொருத்தியதற்குக் காரணம், நடுவே குதிரை தடுக்காமல் நடக்க வேண்டும் என்பதுதான். எஞ்சின் ஓடியது சில தடவைதான். அதன் பளு தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளம் உடைந்தது. மறுபடியும் குதிரைகளே வண்டி இழுத்தன.

இத்தனை பெரிய ஊருக்கு மேயர் இல்லை, நகரசபை இல்லை, நாடாளுமன்ற உறுப்பினரும் இல்லை. நிரந்தரக் காவல் படை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. நான்கு முதலாளிக் குடும்பங்களும் ஓரிரு மாஜிஸ்திரேட்டுகளும்தான் நிர்வாகம். 1824–25இல் இரண்டாம் வில்லியம் கிராஷே தன் ஆலைக்கு எதிரே 30,000 பவுன் செலவில் கோட்டை பாணியில் மாளிகை கட்டிக்கொண்டார். அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஊதுலைகளின் தீ தெரியும். கீழே, டாஃப் கரையோரம் கழிவுநீர் வடிகால்கூட இல்லாத குடியிருப்புகள். 1849 காலராவில் இந்த ஊரில் 1,400 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பதிலிருந்து அந்த வீடுகள் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அமீனா வந்த வாரம்

தொழிற்புரட்சிக் காலக் கலவரம் என்றாலே கம்பெனிக் கடையைக் காரணம் காட்டுவது வழக்கம். கூலியைப் பணமாகத் தராமல் முதலாளியின் கடையிலேயே சாமான் வாங்க வைக்கும் முறை அது. தெற்கு வேல்ஸில் பல இடங்களில் அது இருந்தது, மக்களைக் கசக்கியது. ஆனால் 1831 கலவரத்தின் மையமான கவார்த்வாவின் முதலாளி கிராஷேவுக்குக் கம்பெனிக் கடை முறை பிடிக்காது. அவருடைய ஆட்கள் வெளிக் கடைகளில், தனிப்பட்ட வியாபாரிகளிடம் கடன் சொல்லி வாங்கினார்கள். கூலி சரியாக வந்துகொண்டிருந்தவரை இதில் பெரிய சிக்கல் இல்லை.

1829 முதல் இரும்பு விலை சரிந்தது. கூலி குறைந்தது, வேலை நாள்கள் குறைந்தன, கடை பாக்கி ஏறியது. சிறு கடன்களை வசூலிக்க 1809 முதல் ஊரில் ஒரு கடன் நீதிமன்றம் இயங்கிவந்தது. வியாபாரி வழக்குப் போட்டால் தீர்ப்பு சீக்கிரம் வரும். தவறினால் அமீனா வீட்டுக்கு வந்து ஜப்தி செய்வார். கட்டில், கடிகாரம், அலமாரி எதுவானாலும் வண்டியில் ஏறும். சில பவுன் பாக்கிக்கு வீட்டுச் சாமான் முழுவதும் போன குடும்பங்கள் உண்டு. முதலாளியைத் தொழிலாளி எப்போதாவதுதான் பார்ப்பார். அமீனாவைத் தெருவில் அடிக்கடி பார்த்தார். கோபம் யார் மேல் முதலில் திரும்பும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1831 மே மாதம் கிராஷே கூலியைக் குறைத்தார். வார்ப்பிரும்பை உருக்கிக் கிளறித் தேனிரும்பாக்கும் உலைத் தொழிலாளர்களில் 84 பேரை வேலையிலிருந்து நீக்கினார். அந்த வேலை எல்லோருக்கும் கைவராது. அதைச் செய்பவர்கள் ஆலையின் மேல்தட்டுத் தொழிலாளர்கள். அவர்களுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களின் நிலை? நாடு முழுவதும் வாக்குரிமைச் சீர்திருத்தக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த நேரம் அது. இதில் வேடிக்கை என்னவென்றால், கிராஷே தாமே சீர்திருத்தக் கட்சிக்காரர். ஊர்வலமும் முழக்கமும் சில வாரங்களுக்கு முன்பு அவருக்குக் கசக்கவில்லை.

மே 30 அன்று டௌலைஸுக்கு மேலே உள்ள வைன் மேய்ச்சல் வெளியில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். மறுநாள் ஹிர்வைன் அருகே பென்டெரின் கிராமத்தில் லூயிஸ் லூயிஸ் என்பவரின் வீட்டுக்கு அமீனாக்கள் ஜப்திக்கு வந்தார்கள். வேட்டைக்காரர் லூயிஸ் என்று பெயர் பெற்ற அவர் அடிபணியும் ஆள் அல்ல. அக்கம்பக்கத்தார் திரண்டு வழிமறித்தார்கள். மாஜிஸ்திரேட் வந்து சமரசம் பேசி, கடனுக்கு ஈடாக ஒரு மரப்பெட்டியை மட்டும் எடுத்துச்செல்ல வைத்தார். ஜூன் 1 அன்று கூட்டம் கடைக்காரர் வீட்டுக்குப் போய் அந்தப் பெட்டியை மீட்டது. அதோடு நிற்கவில்லை. வீடு வீடாகப் போய், முன்பு ஜப்தியான சாமான்களைத் தேடி எடுத்து, பழைய சொந்தக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஜூன் 2 அன்று கடன் நீதிமன்றத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜோசப் காஃபினின் வீட்டைச் சூழ்ந்து, கணக்குப் புத்தகங்களைக் கேட்டு வாங்கித் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள்.

இந்த இரண்டு நாள் நடவடிக்கைகளில் ஒரு கணக்கு இருக்கிறது. கண்மண் தெரியாத கொள்ளையாக இருந்திருந்தால் பொருளை உரியவரிடம் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆலையையோ கிராஷேயின் மாளிகையையோ கொளுத்தவில்லை, கொளுத்தியது பேரேட்டை. இவர்களுடைய நியாயம் எதில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைக்காது.

இடையே ஹிர்வைனில் கன்றின் ரத்தத்தில் தோய்த்த துணியைக் கொடியாகப் பிடித்தார்கள் என்று ஒரு செய்தி. தொழிலாளர் செங்கொடியின் முதல் பிறப்பிடம் மெர்தர் என்று ஊரார் பெருமைப்படுவார்கள். பெருமை இருக்கட்டும், 1797இல் நோர் கடற்படைக் கலகத்திலேயே செங்கொடி பறந்திருக்கிறது. ‘முதல்’ பட்டத்துக்கு அடித்துக்கொள்ளாமல், பிரிட்டிஷ் தொழிலாளர் போராட்டத்தில் செங்கொடி தெரியும் மிகப் பழைய இடங்களில் ஒன்று என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஜூன் 3

ப்ரெக்கன் நகரிலிருந்து 93ஆம் ஹைலேண்டர் படைப்பிரிவின் சிப்பாய்கள் சுமார் 80 பேர் ஜூன் 3 காலையில் மெர்தருக்கு நடந்து வந்தார்கள். உயர் வீதியில் காசில் விடுதிக்குள் முதலாளிகளும் மாஜிஸ்திரேட்டுகளும் அடைந்திருந்தார்கள். வெளியே ஆயிரக்கணக்கான மக்கள். கலைந்து போகும்படி கூட்டத்தை எச்சரிக்கும் கலவரச் சட்டம் ஆங்கிலத்திலும் வேல்ஷ் மொழியிலும் வாசிக்கப்பட்டது. கூட்டத்தின் பிரதிநிதிகள் உள்ளே போய்ப் பேசினார்கள். கூலி விஷயத்தில் கிராஷே இறங்கிவரவில்லை.

விடுதி வாசலில் வரிசையாக நின்ற சிப்பாய்களுக்கும் முன்வரிசைக் கூட்டத்துக்கும் இடையே கை நீட்டும் தூரம்தான். இந்த நெருக்கம் வழக்குக்கு முக்கியம். லூயிஸ் லூயிஸ் உயரத்தில் ஏறி நின்று, சிப்பாய்களின் துப்பாக்கிகளைப் பிடுங்குங்கள் என்று குரல் கொடுத்ததாகச் சாட்சியம். கூட்டம் பாய்ந்தது. தடி, கல், பிடுங்கிய பயனெட் எல்லாம் ஒரே குழப்பத்தில் சுழன்றன. மேல்மாடி ஜன்னல்களில் நிறுத்தப்பட்டிருந்த சிப்பாய்கள் சுட்டார்கள். 16 பேர் இறந்ததாக அதிகாரபூர்வக் கணக்கு. 24 வரை சொல்பவர்களும் உண்டு. சிப்பாய்களில் பலர் காயம்பட்டார்கள், ஒருவரும் சாகவில்லை.

அதன்பின் சில நாள்கள் ஊர் கலகக்காரர்களின் பிடியில் இருந்தது. ராணுவம் பெனிடாரன் மாளிகைக்குப் பின்வாங்கியது. ஜூன் 4 அன்று ஸ்வான்சியிலிருந்து வந்த குதிரைப்படைத் தொண்டர்களை ஹிர்வைன் பாதையில் மடக்கி ஆயுதங்களைப் பறித்து அனுப்பினார்கள். ஜூன் 6 அன்று டௌலைஸ் பக்கம் 450 சிப்பாய்கள் குறிபார்த்து நின்றபோது கூட்டம் கலைந்தது. பிறகு வீடு வீடாகக் கைது.

சாட்சிக் கூண்டு

ஜூலையில் கார்டிஃப் செஷன்ஸில் விசாரணை நடந்தது. பல பேர் மீது வழக்கு. தூக்குத் தண்டனை இரண்டு லூயிஸ்களுக்கு.

கலவரத்தில் முன்னால் நின்றவர் வேட்டைக்காரர் லூயிஸ் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. டிக் பென்டெரின் அப்படியல்ல. அபரேவனில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு மெர்தருக்கு வந்து சுரங்கத்தில் வேலை செய்தவர். முந்தைய நாள்களின் ஜப்தி மீட்பிலோ காஃபின் வீட்டுத் தீயிலோ அவர் தலைமை தாங்கியதாகப் பேச்சே இல்லை. அவர் மீதான வழக்கு முழுவதும் ஒரே ஒரு பயனெட் குத்தில் நின்றது. அக்காலச் சட்டப்படி கொல்லும் நோக்கோடு காயப்படுத்துவது மரண தண்டனைக்குரிய குற்றம். ஆகவே பிளாக் உயிர் பிழைத்தது டிக்குக்கு உதவவில்லை.

காயம்பட்டவரால் அடையாளம் காட்ட முடியாதபோது, பார்த்தேன் என்று சொன்னவர்கள்மீதுதான் வழக்கு நின்றது. அவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஆபட் என்ற முடிதிருத்துபவர். கலவரத்துக்காகப் பதவிப் பிரமாணம் செய்துவைக்கப்பட்ட கூடுதல் காவலர்களில் அவரும் ஒருவர். காவல் படை இல்லாத ஊரில் யாரைக் காவலராக்குவார்கள்? கடைக்காரர்களை, கைத்தொழில் செய்பவர்களை, அதாவது கடன் கொடுத்தவர்களையும் அவர்களுடைய அண்டை வீட்டாரையும். தங்கள் தெருவில் பேரேடுகள் எரிவதைப் பார்த்தவர்கள், அதே கூட்டத்தில் ஒருவரை அடையாளம் காட்டக் கூண்டில் ஏறினார்கள். எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் முண்டியடித்த நெருக்கத்தில், துப்பாக்கிப் புகையில், யார் கையில் எந்தப் பயனெட் இருந்தது என்று உறுதியாகச் சொல்லும் சாட்சியத்தை எந்த நீதிபதியும் இரண்டு முறை யோசித்திருக்க வேண்டும்.

யோசித்தவர் வெளியிலிருந்து வந்தார். நீத் அபியில் இரும்பாலை நடத்திய ஜோசப் ட்ரெகெல்லிஸ் பிரைஸ், குவேக்கர் சமயப் பிரிவினர். தாமும் ஒரு முதலாளி என்பதால் அவருடைய தலையீட்டுக்குத் தனி எடை உண்டு. சிறையில் கைதிகளைப் பார்க்கப் போனவர் டிக் நிரபராதி என்று நம்பத் தொடங்கினார். மெர்தருக்குப் போய்ப் புதிய வாக்குமூலங்கள் திரட்டினார். மனுவில் 11,000 பேர் கையெழுத்திட்டார்கள். லண்டனில் உள்துறை அமைச்சர் மெல்பர்ன் பிரபுவைச் சந்தித்தார். கிடைத்தது இரண்டு வார ஒத்திவைப்பு மட்டுமே.

இதற்கிடையில் வேட்டைக்காரர் லூயிஸின் தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. கூட்டத்திடம் அடிபட்டுக்கொண்டிருந்த ஜான் தாமஸ் என்ற காவலரை அவர் குறுக்கே நின்று காப்பாற்றினார். அந்தக் காவலரே அதைச் சாட்சியமாகச் சொன்னார். நியாயமான காரணம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள்: கலவரத்தை முன்னின்று நடத்தியவர் நியூ சௌத் வேல்ஸுக்குக் கப்பலேறினார், ஓரத்தில் இருந்தவர் தூக்குமேடை ஏறினார். சில ஆண்டுகள் கழித்து அதே ஆஸ்திரேலியாவில் ஒரு நகரத்துக்கு மெல்பர்ன் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள்.

மெல்பர்ன் ஏன் அசையவில்லை? முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் தென்பகுதியில் விவசாயக் கூலிகள் கலகம் செய்து 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். சீர்திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் சிக்கியிருந்தது. அரசப் படையின் ஆயுதத்தைப் பறித்து, அரசச் சிப்பாயைக் குத்தி, ஒரு நகரத்தையே சில நாள் கையில் வைத்திருந்தார்கள். அதற்கு ஓர் உயிராவது விலை கொடுக்க வேண்டும் என்று அரசு நினைத்தது என்றே நான் படிக்கிறேன். வேட்டைக்காரருக்கு உயிர்ப்பிச்சை தந்தபின் மீதி இருந்தவர் டிக் ஒருவரே.

தூக்குமேடையில் டிக் வேல்ஷ் மொழியில் சொன்னதாக ஊர் நினைவில் வைத்திருப்பது: ‘கர்த்தரே, இதோ அநீதி.’ உடலை அபரேவன் புனித மேரி தேவாலய மயானத்தில் அடக்கம் செய்தார்கள். இன்று அது போர்ட் டால்பட் நகரின் பகுதி. அங்குள்ள பெரிய உருக்காலை இப்போது டாடா நிறுவனத்துக்குச் சொந்தம். அதன் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30 அன்று அணைந்தது.

1874 வாக்குமூலத்தை எவ்வளவு நம்பலாம்?

டிக் நிரபராதி என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆதாரம் அமெரிக்காவிலிருந்து வந்தது. பென்சில்வேனியாவில் யான்டோ பார்க்கர் என்ற வேல்ஸ்காரர் சாகும் தறுவாயில் எவன் எவன்ஸ் என்ற போதகரிடம், பிளாக்கைக் குத்தியது தான்தான், பிடிபடுவோம் என்று அஞ்சி அமெரிக்காவுக்கு ஓடிவந்துவிட்டேன் என்று சொன்னாராம். இது 1874இல் வெளிவந்தது. ஆபட்டும் தாம் பொய்ச் சத்தியம் செய்ததாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டார் என்று சொல்வார்கள்.

உள்ளத்தைத் தொடும் கதை. ஆனால் ஆதாரமாக எடுத்தால் பலவீனமானது. 43 ஆண்டுகள் கழித்து, இன்னொருவர் வாய்வழி, குறுக்கு விசாரணைக்கு இடமில்லாமல் வந்த செய்தி. அதற்குள் டிக் தியாகியாகிப் பல காலம் ஆகியிருந்தது. இந்த வாக்குமூலத்தையே தூணாக வைத்து வழக்கைக் கட்டினால், அதைச் சந்தேகிப்பவர் மொத்த வழக்கையும் ஆட்டிவிடலாம். அப்படிச் சாய வேண்டிய அவசியமே இல்லை. காயம்பட்டவர் அடையாளம் காட்டவில்லை, சாட்சிகள் ஒரு தரப்பைச் சேர்ந்தவர்கள், தீர்ப்புக்குப் பின் சில நாள்களுக்குள்ளேயே ஒரு வெளி ஆள் எதிர் வாக்குமூலங்களைத் திரட்டிக் காட்ட முடிந்தது. இவையெல்லாம் 1831 கோடையிலேயே மெல்பர்னின் மேஜையில் இருந்தவை. தீர்ப்பு நிற்காது என்பதற்கு அவை போதும்.

பின்னால் நடந்ததும், தேடுவோர் கவனத்துக்கும்

1831 அக்டோபரில் கம்பெனிக் கடை முறைக்கு எதிரான சட்டம் வந்தது. 1832 சீர்திருத்தச் சட்டத்தால் மெர்தருக்கு நாடாளுமன்ற இடம் கிடைத்தது. அதில் உட்கார்ந்தவர் டௌலைஸ் முதலாளி ஜோசயா ஜான் கெஸ்ட். தொழிலாளர்கள் தங்கள் ஆள் ஒருவரை அனுப்ப 1900 வரை காத்திருந்தார்கள்; அந்த ஆண்டு கெயர் ஹார்டி இங்கிருந்து வென்றார்.

டிக்குக்கு நினைவுச் சின்னங்கள் உண்டு. மெர்தர் நூலகத்துக்கு வெளியே இருப்பதை 1977இல் தொழிற்சங்கப் பேரவையின் பொதுச் செயலாளர் லென் மர்ரி திறந்துவைத்தார். கார்டிஃபில் பழைய சிறை இருந்த இடத்தில் 1891 முதல் நகரச் சந்தை நடக்கிறது. புனித மேரி தெரு வாசலருகே சுவரில் அவர் பெயர் தாங்கிய பலகை. மீன் வாங்கவும் பழம் வாங்கவும் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே நுழைகிறார்கள். மரணத்துக்குப் பிந்தைய மன்னிப்பு வேண்டும் என்ற கோரிக்கையைப் பலர் பல தடவை எழுப்பியிருக்கிறார்கள். கிராஷேயின் மாளிகை இப்போது அருங்காட்சியகம். அந்தக் குடும்பத்தின் கடைசி இரும்பு முதலாளியான ராபர்ட் தாம்சன் கிராஷே 1879இல் இறந்தார். வெய்னர் மயானத்தில் அவருடைய பிரம்மாண்டமான கல்லறைப் பாளத்தில் ‘கடவுளே என்னை மன்னியும்’ என்று பொறித்திருக்கிறது. அது 1831க்காக அல்ல. ஆனாலும் ஊரார் அதைப் பற்றிச் சொல்லும் விளக்கங்களைக் கேட்க ஒரு மாலைப் பொழுது போதாது.

வேட்டைக்காரர் லூயிஸை யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. சுடப்பட்ட 16 பேரை இன்னும் குறைவாக. கைதுக்குப் பயந்து உறவினர் பலர் உடல்களை ஓசையில்லாமல் எடுத்துப்போய் அடக்கம் செய்ததாகச் சொல்லப்படுகிறது. மெர்தரின் வரலாற்றைத் தோண்ட விரும்புபவருக்கு வேலை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று. வேல்ஸில் குடும்பப் பெயர்கள் மிகக் குறைவு. ரிச்சர்ட் லூயிஸ் என்று தேடினால் ஒரே பள்ளத்தாக்கில் பலர் வந்து நிற்பார்கள். ஊரோ தொழிலோ சேர்ந்த வழக்குப் பெயர் தெரிந்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கைகொடுக்காது. 1831 கணக்கெடுப்பு நடந்த நாள் மே 30, வைன் வெளியில் கூட்டம் கூடிய அதே நாள். அன்று தலைகளை எண்ணினார்கள், பெயர்களை எழுதிச் சேர்க்கவில்லை. வீடு வீடாகப் பெயரோடு எழுதும் முறை 1841இல்தான் வந்தது. ஆகவே தேவாலய, சிற்றாலய அடக்கப் பதிவேடுகளில் 1831 ஜூன் மாதப் பக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். லண்டனில் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறைக் கடிதக் கட்டுகளும் மன்னிப்பு மனுக்களும் இருக்கின்றன. வேல்ஸ் தேசிய நூலகம் 1919 வரையிலான பழைய செய்தித்தாள்களின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. ஸ்வான்சியிலிருந்து வந்த ‘கேம்பிரியன்’ வார இதழின் 1831 ஜூன் இதழ்களிலிருந்து தொடங்கலாம். அது முதலாளிகள் படித்த பத்திரிகை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.